குழிமேட்டிலிருந்து வந்த ஒலி

ஜனவரி 9

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இதற்கு மேல் மரியாதை வைத்து எழுத இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவ போர்டின் முடிவு நேற்று வந்தது. என் நுரையீரல் பாதிக்குமேல் கெட்டுவிட்டது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ரொம்பச் சந்தோஷம். அடுத்த வரியைக் கேள்: 'நோய்க்குக் காரணம் நெடுங்காலப் புகைப்பழக்கம். குடும்பத்தினரும் இதை உறுதி செய்துள்ளனர்.' வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூட உதட்டில் வைக்காதவன் நான். யார் அந்தக் குடும்பத்தினர் என்று என் மனைவியிடம் விசாரித்தேன். "என்னை யாரும் கேக்கல. உங்க அக்காவுக்குத்தான் போன் போயிருக்கு" என்றாள்.

நீ சொன்னதன் விளைவு என்ன என்று உனக்குத் தெரியுமா? பட்டாளத்து வேலையால் வந்த நோய் என்று எழுதியிருந்தால் ராணுவ நெஞ்சக மருத்துவமனையில் எனக்கு இடம் கிடைத்திருக்கும். இப்படிப்பட்ட நுரையீரலைப் பார்க்கத் தெரிந்த டாக்டர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நானாக வரவழைத்துக்கொண்ட நோய் என்று எழுதி அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். மார்ச்சில் ஒரு மேல்முறையீடு உண்டு. அதிலும் இதையே சொல்லிவிட்டால், உள்ளூர் ஆஸ்பத்திரி கொடுக்கிற இருமல் மருந்தைக் குடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

போனிலேயே சண்டை போடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை எனக்கு மூச்சு வாங்குகிறது. திட்டுகிறவன் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினால் திட்டுக்கு என்ன மதிப்பு இருக்கும்? அதனால்தான் கடிதம்.

பட்டாளத்தை எழுப்ப ஊதும் பியூகிள் குழலைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஓய்வு பெற்ற அன்று கூட்டாளிகள் சேர்ந்து கொடுத்தது. மாடிப்படி ஏறவே மூச்சில்லாதவனுக்கு அது எதற்கு? நீயே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
முன்னாள் பியூகிள் வீரன்


ஜனவரி 15

முன்னாள் பியூகிள் வீரன் அவர்களுக்கு,

அக்கா என்று ஒருத்தி எழுதிக்கொள்வது. தம்பி என்று கையெழுத்துப் போடக்கூட உனக்குக் கை வரவில்லை. இருக்கட்டும்.

பார்சல் வந்தது. கடையில் கஞ்சிமாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். துணி வாங்க வருகிறவர்கள் எல்லாம் "என்னக்கா, சலவைக் கடையில பேண்டு வாத்தியமா?" என்று கேட்கிறார்கள். நானும் ஒரு தடவை ஊதிப் பார்த்தேன். எருமை கனைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. எதிர்க்கடைக்காரர் வெளியே ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆபீஸிலிருந்து ஒருவர் பேசினார். "உங்க தம்பி மேல புகை வாடை வருமாம்மா?" என்று கேட்டார். "வரும்" என்றேன். "ரொம்ப நாளாவா?" என்றார். "எல்லை முகாமுக்குப் போனதிலிருந்து வருது" என்றேன். "நன்றிம்மா" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான் பேச்சு. இதில் எது பொய், நீயே சொல்.

நீ விடுப்பில் வரும்போதெல்லாம் உன் சீருடையை வெளுத்தவள் நான். முதல் தண்ணீர் கறுப்பாக ஓடும். நாலு தடவை அலசினாலும் கக்கத்தில் மூக்கை வைத்தால் புகை. "என்னடா இது?" என்று கேட்டால், "கேம்ப்ல எல்லாருக்கும் அப்படித்தான்க்கா" என்று சிரித்துவிட்டு வெளியே போய்விடுவாய். நான் வேறு என்ன நினைக்க? அப்பா கடைசி நாட்களில் படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியதை நாம் இரண்டு பேரும்தான் பார்த்தோம். சிகரெட்டைத் தொட மாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவன் நீ. அந்தச் சத்தியத்தை மீறிவிட்டாய் என்றுதான் இத்தனை வருஷமாக மனசுக்குள் வெந்துகொண்டிருந்தேன். கோபம் இருந்தது, மறுக்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி. சிகரெட் இல்லை என்றால் அது எந்தப் புகை? ஒழுங்காகப் பதில் எழுது. சிரித்து மழுப்பினால் பியூகிளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன்.

உன் அக்கா


ஜனவரி 22

அக்காவுக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். இத்தனை நாள் சொல்லாததற்குக் காரணம் நீதான். சொல்லியிருந்தால் அடுத்த வண்டி ஏறி வந்து எங்கள் கமாண்டரின் சட்டையைப் பிடித்திருப்பாய்.

எல்லை முகாமில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்தோம். அத்தனை பேர் போடும் குப்பை எங்கே போகும்? வேலிக்கு வெளியே ஒரு பெரிய குழியை வெட்டினார்கள். பிளாஸ்டிக் பாட்டில், டயர், பேட்டரி, பெயிண்ட் டப்பா, ஆஸ்பத்திரிக் கழிவு, கெட்டுப்போன இறைச்சி, கிழிந்த பூட்ஸ் எல்லாம் அதற்குள்தான். லாரிக்காரர் கொண்டுவந்து கொட்டுவார், டீசலை ஊற்றிக் கொளுத்துவார்கள். ஒரு நாள்கூட அது அணைந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் துவைத்துக் காயப்போடும் வெள்ளைத் துணி மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். நீ பார்த்த கறுப்புத் தண்ணீர் அதுதான்.

தோண்டிய மண்ணைக் குழிக்கு ஓரத்திலேயே குவித்துவிட்டார்கள். தட்டையாகக் கிடந்த அந்தப் பூமியில் அது ஒன்றுதான் மேடு. விதிப்படி நான் அணிவகுப்பு மைதானத்தில் கொடிக்கம்பத்துக்குக் கீழே நின்றுதான் ஊத வேண்டும். ஆனால் கடைசி வரிசைக் கூடாரத்தில் ஒருவனுக்குக் கேட்கவில்லை என்று புகார். தினமும் அவன் அணிவகுப்புக்குத் தாமதமாக வருவான். பெயரே தூங்குமூஞ்சி. கமாண்டர் என்னைக் கூப்பிட்டு, "நீ ஊதுறது உனக்கு மட்டும்தான் கேக்குதா?" என்றார். காற்று வருகிற பக்கம் நின்று ஊதினால்தான் அது ஒலியை முகாமுக்குள் கொண்டுபோகும். அங்கே காலைக் காற்று குழிப்பக்கமிருந்துதான் வீசும். மறுநாள் அந்த மேட்டில் ஏறி ஊதினேன். தூங்குமூஞ்சி முதல் ஆளாக வந்து நின்றான். கமாண்டர் என் தோளில் தட்டினார். எழுத்தில் எந்த உத்தரவும் கிடையாது. மூன்று வருஷம் அந்த மேடுதான் என் இடம்.

மற்றவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கத்தைக் கடப்பார்கள். பியூகிள்காரன் எதைப் பொத்துவான்? அடிவயிறு வரை மூச்சை இழுத்தால்தான் முதல் சுரமே வரும். அந்தக் குழியின் விளிம்பில் நின்று முகாமிலேயே ஆழமாக மூச்சு இழுத்தவன் நான்தான். ஊதி முடித்துத் துப்பினால் கறுப்பாக வரும். அப்போது வயசு இருந்தது. பெருமையும் இருந்தது. கடைசிக் கூடாரம் வரை கேட்கிறதே என்ற பெருமை.

இப்போது என் கோப்பில் 'பணியிடம்: அணிவகுப்பு மைதானம்' என்று இருக்கிறது. முகாமின் வரைபடத்தில் குழியே இல்லை. இல்லாத குழிக்குப் பக்கத்தில் நிற்காத ஒருவன் எப்படிப் புகையைக் குடித்தான் என்று போர்டு கேட்கிறது. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்பேன்.

அப்பாவுக்குச் செய்த சத்தியத்தை நான் மீறவில்லை. இதை நீ நம்பினால் போதும்.

மு. பி. வீரன்


ஜனவரி 28

என் தம்பிக்கு,

நம்புகிறேன். உன் கடிதத்தைத் தேய்ப்பு மேஜை மேல் விரித்துவைத்துப் படித்தேன். படித்துவிட்டுக் கடையைச் சாத்தி உள்ளே போய் அழுதேன். அழுது முடித்துவிட்டுக் கடையைத் திறந்தேன். அது முடிந்தது, இனி வேலையைப் பார்ப்போம்.

உன் மனைவியிடம் உன் கூட்டாளிகளின் போன் நம்பர்களை வாங்கிவிட்டேன். லாரிக்காரர், சமையல்காரர், வயர்லெஸ்காரர், அந்தத் தூங்குமூஞ்சி, நாலு பேரையும் அடுத்த வாரம் கடை விடுமுறை நாளில் இங்கே வரச்சொல்லியிருக்கிறேன். தூங்குமூஞ்சியை எழுப்பத்தான் பெரும்பாடு. மூன்றாம் தடவைதான் போனை எடுத்தார். "யாரு?" என்றார். "நீங்க தூங்கினதால நுரையீரல் போனவனோட அக்கா" என்றேன். மனுஷன் முழுசாக முழித்துக்கொண்டார்.

அந்தக் கமாண்டர் எங்கே இருக்கிறார் என்று கேட்கலாம் என்று நினைத்தேன். போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிறதாம். தப்பித்தார்.

மருந்தை ஒழுங்காகக் குடி. 'மு. பி. வீரன்' என்று எழுதுகிற பழக்கத்தையும் சீக்கிரம் விடு, பார்க்கச் சகிக்கவில்லை.

உன் அக்கா


பிப்ரவரி 5

அக்காவுக்கு,

வேண்டாம், அக்கா. அவர்களை அலைக்கழிக்காதே. நாலு கிழவர்கள் வந்து 'ஆமாம், குழி இருந்தது' என்று சொன்னால், கூட்டாளிக்காகப் பேசுகிறார்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார்கள். போன வருஷம் நெட்டைக்கும் இதேதான் நடந்தது. முதல் வரிசைக் கூடாரத்தில் என் அருமைத் தோழன். எங்கள் எல்லாரையும்விட ஒரு முழம் உயரம். இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். அவன் மனைவி ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. 'முகாமில் எரிகுழி இருந்ததற்கு ஆதாரம் இல்லை' என்று ஒரு தாள்தான் வந்தது.

எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மூக்கில் குழாய். மார்ச்சில் என்னால் பயணம் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை இப்படியே விட்டுவிடலாம்.

தம்பி என்று எழுத இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கியிருக்கிறது. ஆனால் மிச்சம் கொஞ்சம்தான்.


பிப்ரவரி 17

என் தம்பிக்கு,

கோபத்தை அப்படியே வைத்திரு, தேவைப்படும். நீ விடச்சொன்னாய், நான் விடவில்லை. உன் பேச்சை நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

எல்லாரும் வந்தார்கள். நெட்டையின் மனைவியையும் அழைத்தேன். வந்ததும் லாரிக்காரர் உன் பியூகிளைப் பார்த்து விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். சமையல்காரர் அதைக் கையில் எடுத்து, "இப்படியாம்மா வைப்பாங்க?" என்று என் மேல் கோபித்துக்கொண்டு, என் துணியாலேயே துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். நல்ல மனுஷர்கள். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருமல் இருக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

டீ குடித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிட்டது. அவரவர் நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டேன்.

தூங்குமூஞ்சி, "கூடார வாசல் வழியா நேரா மூஞ்சில வந்து அடிக்கும் அவன் பியூகிள்" என்றார்.

வயர்லெஸ்காரர், "இல்லப்பா, இடது பக்கத்துலேருந்துதான் வரும். வாசலைப் பார்த்து உக்காந்தா என் இடது காது பக்கம்" என்றார்.

"ரெண்டு பேரும் உளறாதீங்க," என்றார் சமையல்காரர். "அடுப்பைப் பார்த்து நிப்பேன். எனக்குப் பின்னாடிலேருந்து வரும். தினமும் திடுக்குன்னு கரண்டியைக் கீழ போடுவேன்."

ஒருவர் நேரே என்கிறார், ஒருவர் இடது என்கிறார், ஒருவர் பின்னால் என்கிறார். லாரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மூணு பேரு ஒரு விஷயத்தை ஒரே மாதிரி சொல்ல முடியலியே, போர்டு எப்படி நம்பும்?" என்றார். நீ சொன்னது சரிதானோ என்று நினைத்தேன்.

நெட்டையின் மனைவி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். மெதுவாகச் சொன்னாள்: "அவர் கட்டிலை எப்பவும் ஜன்னல் பக்கம் கால் வெச்சுத்தான் போடுவார். ஏன்னு கேட்டா, 'பியூகிள் கால்மாட்டுலேருந்து வந்தாத்தான்டி எனக்கு முழிப்பு வரும்'னுவார். கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான் படுத்தார்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் எல்லாரும் ஒரே கூடாரத்திலா இருந்தார்கள்? இந்தக் கடைக்குப் பக்கத்தில் மணியடித்தால் எனக்கு வலது பக்கம் கேட்கும், எதிர்க்கடைக்காரருக்கு நேரே கேட்கும். இரண்டு பேரும் சொல்வது உண்மைதானே.

சட்டைகளிலிருந்து உதிரும் பொத்தான்களை நான் ஒரு டப்பாவில் சேர்த்துவைப்பது உனக்குத் தெரியும். அதைத் தேய்ப்பு மேஜையில் கொட்டினேன். "சண்டை போடாம அவங்கவங்க கூடாரத்தை வைங்க" என்றேன். கொடிக்கம்பத்துக்கு ஒரு பெரிய கோட்டுப் பொத்தான். சமையல்கூடத்துக்கு ஒரு சிவப்பு. கூடார வாசல்கள் எல்லாம் கொடிக்கம்பத்தைப் பார்த்தபடிதான் இருந்ததாம், அதில் அவர்களுக்குள் சண்டை இல்லை. பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரு நூலைக் கொடுத்து, சத்தம் வந்த திசைக்கு இழுக்கச் சொன்னேன். முகாமில் நெட்டையின் கால்மாடு எந்தப் பக்கம் இருந்தது என்று வயர்லெஸ்காரர் காட்ட, அவன் பொத்தானிலிருந்து அவன் மனைவி இழுத்தாள்.

தம்பி, நாலு நூலும் ஒரே இடத்தில் போய்க் குறுக்கிட்டன. அந்த இடத்தில் நான் தண்ணீர் தெளிக்க வைத்திருந்த கிண்ணம் இருந்தது. லாரிக்காரர் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். "இங்கதான்க்கா," என்றார். "நான் தினமும் வண்டியைப் பின்னால எடுத்துக் கொட்டின இடம் இதுதான்."

நீ ஊதியது அவர்கள் காதில் இன்னும் இருக்கிறது. எந்தக் கோப்பிலும் எழுதாததை அவர்கள் காது வைத்திருக்கிறது. மார்ச்சில் உனக்குப் பதிலாக நான் போகிறேன். இத்துடன் வைத்திருக்கும் பிரதிநிதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் அக்கா


பிப்ரவரி 23

அக்கா,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். உன் கடிதத்தை நர்ஸிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு வார்டு முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம், "உங்க அக்கா என்னிக்குப் போறாங்க?" என்று கேட்கிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். போர்டின் முன்னால் கோபப்படாதே. அவர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை, தாளில் இருப்பதைப் படிக்கிறவர்கள். உன் கோபத்தை நான் அறிவேன், கஞ்சி போட்ட காலர் மாதிரி நிற்கும். ஒரு நாளைக்கு மடித்து வை.

நெட்டை கால்மாட்டை அப்படி வைத்துப் படுத்தான் என்பது எனக்குத் தெரியாது. அந்த வரிக்குப் பிறகு மேலே படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

தம்பி


மார்ச் 12

என் அன்புத் தம்பிக்கு,

கடைசியில் 'தம்பி' வந்துவிட்டது. அந்தக் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் போனேன்.

பெரிய அறை, நீள மேஜை. மூன்று பேர். நடுவில் தலைவி, நரைத்த தலை, அவரும் டாக்டர்தான். ஓரத்தில் ஆவணப் பிரிவு அதிகாரி, சின்ன வயசு, கையில் சுருட்டிய வரைபடம். நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்ததும் தலைவி உன் கோப்பைப் பார்த்துவிட்டு என்னைத்தான் முதலில் கேட்டார்.

"நீங்கதானேம்மா புகை வாடை வரும்னு சொன்னது?"

"நான்தான். வாடை வருமான்னு கேட்டாங்க, வரும்னேன். என்ன வாடைன்னு கேக்கல. கேட்டிருந்தா டயர், பிளாஸ்டிக், டீசல்னு சொல்லியிருப்பேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான் கோபப்படவில்லை, நீ சொன்னபடி மடித்துத்தான் வைத்திருந்தேன். ஓரம் கொஞ்சம் வெளியே தெரிந்திருக்கும்.

பிறகு பொத்தான் கதையைச் சொன்னேன். அந்த அதிகாரி, "இவங்க எல்லாரும் பேசி வெச்சுட்டு வந்திருக்கலாமே" என்றார். தலைவி, "இருக்கலாம். அதனால வெளியே அனுப்பிட்டு ஒவ்வொருத்தராக் கூப்பிடுவோம்" என்றார். அதோடு நிற்கவில்லை. நான் மனுவில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, உங்கள் முகாமில் இருந்த வேறு ஆறு பேரை அவரே முன்கூட்டி வரவழைத்திருந்தார். அவர்களை எங்களுக்குத் தெரியாது, நாங்கள் போனும் செய்யவில்லை. ஒருவர் அங்கே முடி வெட்டியவராம். இன்னொருவர் மருந்துக்கிடங்கில் இருந்தாராம். இவர்கள் வேறு பக்கம் காட்டினால் எல்லாம் அங்கேயே முடிந்தது.

வரைபடத்தை விரித்தார்கள். மைதானம், சமையல்கூடம், கூடாரங்கள் எல்லாம் இருக்கிறது. குழி மட்டும் இல்லை. பிரதிநிதி என்பதால் என்னை மட்டும் உள்ளே இருக்கவிட்டார்கள், மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, சொல்லி முடித்தபின் உள்ளேயே இருந்தார்கள். தலைவி கேட்டது இரண்டே கேள்விதான். "உங்க கூடாரம் எது? காலையில பியூகிள் எந்தப் பக்கத்துலேருந்து கேட்டுச்சு?" அவர்கள் கையைக் காட்ட, அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். முடி வெட்டியவர் யோசிக்கவேயில்லை. "கத்தியை நிறுத்திட்டுத் திரும்பிப் பார்ப்பேன்மா, இந்தப் பக்கம்" என்றார். அவருடைய கோடும் அங்கேயே போயிற்று. ஆறாவது ஆளுடைய கோடும் விழுந்தது. எல்லாக் கோடுகளும் வேலிக்கு வெளியே ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. மைதானத்தில் எந்த இரண்டு கோடும் கூடவில்லை.

தலைவி அந்த இடத்தில் பென்சிலை வைத்தார். "இங்க என்ன இருந்தது?"

அதிகாரி, "ஒண்ணும் இல்ல மேடம், காலி இடம்" என்றார்.

லாரிக்காரர் கதவோரம் நின்றிருந்தார். "காலி இடம்தாம்மா," என்றார். "நான் கொட்டக் கொட்ட எரிஞ்சு காலியான இடம்."

"ஆனா ஒரு பியூகிள்காரர் மைதானத்தை விட்டு அங்க ஏன் போகணும்?" என்று கேட்டார் தலைவி.

தூங்குமூஞ்சி எழுந்தார். உனக்குத் தெரியுமா, அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து வாசலில் காத்திருந்தவர் அவர்தான். "என்னாலதாம்மா," என்றார். "மைதானத்துல ஊதினா எனக்கு எழுந்திருக்க வராது. என் ஒருத்தனுக்காக அவன் மேட்டுல ஏறினான். இந்தப் பதிலை எங்கிட்ட இத்தனை வருஷமா யாரும் கேக்கல." சொல்லிவிட்டு அந்த வயசான மனுஷன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தலைவி அதிகாரியிடம், "அந்த வருஷம் விமானத்துலேருந்து எடுத்த படம் நம்மகிட்ட இருக்கும். இந்த மூலையை மட்டும் தேடிக் கொண்டுவாங்க" என்றார். முடிவு பிறகு வரும் என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் லாரிக்காரர், "ஜெயிச்சோமாக்கா?" என்று கேட்டார். "படம் வரட்டும்" என்றேன். ஆனால் தம்பி, என் மனசுக்குள் நாம் ஜெயித்தாயிற்று.

பியூகிளை லாரிக்காரர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். என் கடையில் அதற்கு இடம் இல்லை.

உன் அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எங்கிருந்து எழுதுகிறேன் என்று தெரிகிறதா? உறையின் மேல் இருக்கிற முத்திரையைப் பார். ராணுவ நெஞ்சக மருத்துவமனை, மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்.

உத்தரவு வந்துவிட்டது. அதை உனக்காக எழுதுகிறேன், சத்தமாகப் படி: 'புகைப்பழக்கம் என்ற பதிவு நீக்கப்படுகிறது. எல்லை முகாம் எரிகுழியின் புகையைப் பணியின்போது சுவாசித்ததால் ஏற்பட்ட நோய்.' விமானப் படத்தில் அந்த மூலையில் ஒரு கறுப்பு வட்டமும், அதிலிருந்து கூடாரங்களின் மேல் நீளமாகப் படர்ந்த புகையும் இருந்ததாம். கோடுகள் கூடிய அதே இடம். முகாமின் வரைபடத்தில் இப்போது குழியைச் சேர்த்துவிட்டார்கள். பக்கத்தில் மேட்டையும் போட்டிருக்கிறார்கள். அந்த மேட்டைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

இன்னும் இருக்கிறது, கேள். நெட்டையின் மரணமும் பணியால் வந்தது என்று மாற்றி எழுதிவிட்டார்கள். அவன் மனைவி தாளைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். அந்த முகாமில் இருந்த அத்தனை பேரையும் பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். தினமும் யாராவது வருகிறார்கள். லாரிக்காரருக்கும் நெஞ்சில் நிழல் இருந்தது. ஆரம்பத்திலேயே பார்த்ததால் சரிசெய்துவிடலாம் என்கிறார்கள். இப்போது என் பக்கத்துக் கட்டில் அவருக்கு. தூங்குமூஞ்சி ஸ்கேன் மெஷினுக்குள்ளேயே தூங்கிவிட்டான். அவன் நுரையீரல் மட்டும் சுத்தமாக இருக்கிறதாம். மூஞ்சி வரை போர்த்திக்கொண்டு தூங்கிய பலன் என்று டாக்டரே சிரிக்கிறார்.

என் நுரையீரல் பழையபடி ஆகாது. அதை நேராகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் இருப்பதைக் காப்பாற்ற முடியும், நன்றாகவே வாழலாம். மூன்று பந்து உள்ள ஒரு கருவியைக் கொடுத்து மூச்சு இழுக்கச் சொல்கிறார்கள். வந்த அன்று ஒரு பந்துகூட அசையவில்லை. நேற்று இரண்டு எழும்பியது. மூச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் பியூகிளைப் பார்த்துவிட்டு, "சார், இத வெச்சுக்கிட்டு ஏன் பந்தோட மல்லுக்கட்டுறீங்க?" என்றாள்.

உன்னை நான் திட்டி எழுதினேன். நீ என்னைத் திட்டி எழுதினாய். கணக்கு சரி. ஆனால் ஊரில் எத்தனை பேருக்கு, திட்டிக்கொண்டே போய் யுத்தம் செய்கிற அக்கா இருப்பாள்? அந்த அறையில் நீ நின்றதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. இந்த நெஞ்சை நிமிர்த்துவது லேசான காரியம் இல்லை.

சனிக்கிழமை காலை கடைக்குப் போன் செய்வேன். கட்டாயம் எடு.

உன் அன்புத் தம்பி


மே 4

என் செல்லத் தம்பிக்கு,

கடையில் கூட்டம். ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் இஸ்திரிப் பெட்டியை வைத்திருந்தேன். போன் அடித்தது. எடுத்து, "சொல்லுடா, எப்படி இருக்கே?" என்றேன். பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. உனக்கு முடியவில்லையோ என்று பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

பிறகு அது வந்தது. முதல் சுரம் கொஞ்சம் கரகரத்தது. இரண்டாவது நேராக நின்றது. எழுந்திரு, எழுந்திரு என்று நீ கேம்பில் ஊதினதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை, தம்பி. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. நடுவில் மூன்று இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாய். வாங்கினால் என்ன? ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்திலேயே எடுத்தாய். பின்னால் லாரிக்காரர் இருமிக்கொண்டே சிரித்ததும் கேட்டது. கடைசிச் சுரத்தை எவ்வளவு நேரம் பிடித்தாய், அடேயப்பா.

எதிரே ஒருவர் துணி வாங்க நின்றிருந்தார். மேஜையிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. "அம்மா, சட்டை கருகுது" என்றார்.

"கருகட்டும், வேற வாங்கித் தரேன்," என்றேன். "கொஞ்சம் சத்தம் போடாம இருங்க, என் தம்பி போன்ல பேசிட்டிருக்கான்."

உன் அக்கா